சனிக்கிழமை ஹெட்லைட் மாற்றப்போகும் மகனுக்கு

ரூபன், இந்தக் கடிதத்தில் ஐந்து குறிப்புகள் இருக்கின்றன. வரிசை போடாமல் எனக்கு எழுத வராது.

1. பல்பை மாற்றுவதற்கு முன் எதை அளக்க வேண்டும்.
2. எந்தப் பல்பு வாங்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் அதை ஏற்காவிட்டால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது.
3. போன டிசம்பரில் உன் பழைய வண்டியின் விளக்குகள் ஏன் அணைந்தன.
4. நீ எப்படிப்பட்டவன் என்பது பற்றிச் சில வரிகள்.
5. அந்த விஷயத்தில் நான் எதுவும் செய்யவில்லை என்பது.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். நீ கூடத்தில் டிவி பார்க்கும் சத்தம் இந்த அறைக்குக் கேட்கிறது. ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீயும் ஸ்டெல்லாவும் திருவொற்றியூரை விட்டு மணலி புதுநகருக்குக் குடிபோகிறீர்கள். அதற்கு முந்தின நாள் உன் தோஸ்து பாபு வந்து உன் புதுக் காருக்குப் பல்பு மாற்றப்போகிறான். பல்புப் பெட்டி அலமாரி மேல் இருக்கிறது. நேற்று நீ கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போன பிறகு அதைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு எல்.இ.டி. பல்பு, இரண்டு ரெசிஸ்டர், வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டை ஒரு பாக்கெட். அதே ரெசிஸ்டர், அதே டை. பெட்டியை மறுபடி ஒட்டி வைத்தேன். ஒட்டியது சரியாக வரவில்லை, நீ கவனித்திருப்பாய்.

முதல் குறிப்பு. வெளிச்சம் போதவில்லை என்றால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் குறை சொல்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் பல்பின் மேல் குற்றம் இல்லை. கடல்காற்றும் கம்பெனிப் புகையும் சேர்ந்து விளக்கின் முன்கண்ணாடியை மஞ்சளாக்கிவிடும்; நல்ல உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும். மீதி எர்த் வயரில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பதினான்கு வோல்ட் அளவுக்குக் காட்டும். விளக்கை எரியவிட்டு, பல்பு ஹோல்டரின் பின்பக்கத்தில் அளந்து பார். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கோளாறு வழியில் இருக்கிறது என்று அர்த்தம். எர்த் வயரை வண்டியின் உடம்போடு இறுக்கும் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவு. உன் பழைய வண்டியை நான் இப்படி அளந்து பார்த்தேன், நீ வீட்டில் இல்லாத ஒரு மதியத்தில். இரண்டு வோல்ட் குறைந்தது. ஒரு துண்டு உப்புத்தாளில் தீர வேண்டிய விஷயம் அது. உன்னிடம் சொல்லவில்லை. அப்போது நீ பல்பு வாங்கிவிட்டிருந்தாய், நண்பர்களிடம் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தாய்.

இரண்டாவது. இப்போது வரும் வண்டிகளில் விளக்குக்குப் போகும் மின்சாரத்தை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. பழைய ஹாலஜன் பல்பு எவ்வளவு இழுக்கும் என்று அதற்குத் தெரியும். எல்.இ.டி. அதில் பாதிகூட இழுக்காது. அதனால் பல்பு செத்துவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் எச்சரிக்கை எரியும், விளக்கு மினுக்கும், சில வண்டிகளில் அந்தப் பக்கத்தையே நிறுத்திவிடும். என்னைக் கேட்டால் அதே வாட்டில் நல்ல ஹாலஜன் போடு. பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதே, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் அது வெடிக்கும். நூறு வாட் பல்பு வேண்டாம். அதை வயரும் தாங்காது, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சுவிட்சும் தாங்காது, அது எரிந்தால் மொத்தப் பெட்டியையும் மாற்ற வேண்டும். எல்.இ.டி.தான் வேண்டுமென்றால், கம்ப்யூட்டரைச் சமாதானப்படுத்தும் சுற்று உள்ளேயே இருக்கும் பல்பாகப் பார்த்து வாங்கு. வயரை வெட்டாமல் சொருகுகிற மாதிரி இருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் மட்டும் மாற்று. திரும்ப மாட்டி, எஞ்சினைப் போட்டுப் பத்து நிமிடம் பார், ரேடியோவில் இரைச்சல் வருகிறதா என்று கேள். எச்சரிக்கை வந்தால் பல்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு சுவரின் முன்னால் வண்டியை நிறுத்தி ஒளி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஹாலஜனுக்காகச் செய்த கூட்டில் எல்.இ.டி. ஒளி சிதறும், எதிரில் பைக்கில் வருகிறவனின் கண்ணில் அடிக்கும். நீ அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

ரெசிஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை ஏமாற்றுவதற்காக அது மின்சாரத்தை வெறும் சூடாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் தண்ணீர்த் துளி விட்டால் பொங்கும். அதை வைத்தே ஆக வேண்டும் என்றால் வண்டியின் வெறும் இரும்பில் ஸ்குரூ போட்டு முடுக்க வேண்டும், சுற்றி வயரோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று, தனித்தனி ஃபியூஸ், கம்பெனி வைத்த அளவிலேயே. இதில் எது தவறினாலும் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாழ்க்கையில் நான் சந்தேகமில்லாமல் சொல்லும் மூன்று நான்கு விஷயங்களில் இது ஒன்று.

மூன்றாவது குறிப்புக்கு வருகிறேன். எண்ணூரில் லாரி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் விளக்குப் பரிசோதனையில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும், அங்கே எப்படி வேலை நடந்தது என்று நீ கேட்டதில்லை. முடிந்த வண்டி வரிசையில் வந்து எங்கள் முன்னால் நிற்கும். பார்ப்போம். தவறு இருந்தால் ஒரு சிவப்புச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். வயர் போட்டவனிடம் நாங்கள் பேசக் கூடாது. ஒரு காலத்தில் பேசப்போய்ச் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை வந்ததால் வைத்த விதி. சீட்டு இல்லாத வண்டி நல்ல வண்டி, வாசல் காவலாளி அதை வெளியே விட்டுவிடுவான். அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது. ஒருவனுடைய முகத்தைப் பார்த்து "நீ செய்தது தப்பு" என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டேன்.

பாபு உன் பழைய வண்டியில் வேலை செய்த அந்தச் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்காது. நம் சந்தில் பானெட்டைத் திறந்து வைத்திருந்தீர்கள். நான் போய் நின்றேன். எல்.இ.டி. மினுக்கியது, எச்சரிக்கை எரிந்தது. பாபு இரண்டு ரெசிஸ்டரை எடுத்து, வயர் மிச்சம் பிடிப்பதற்காக இரண்டையும் பேட்டரி பக்கத்தில் ஒரே இடத்தில் வைத்து, தடிமனான வயர்க்கட்டோடு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினான். ஃபியூஸ் ஒருதரம் போனது. இரண்டு பக்கத்தையும் ஒரே ஃபியூசில் சேர்த்துப் பெரிய ஃபியூசாக மாட்டினான். நான் "பாபு, அது சூடாகுமே" என்றேன்.

"சூடாவாம ஐஸாவா இருக்கும்? வண்டி ஓடச்சொல்ல காத்து அடிக்குது இல்ல, ஆறிடும் பெருசு" என்றான்.

நீ சிரித்தாய். "பாபு, எங்க நைனா முப்பத்தோரு வருசம் லைட்டு பாத்தவரு தெரியுமா. தொட்டதில்ல. பாத்ததோட சரி."

"அப்ப டார்ச்சு குடு மாமு அவர்கிட்ட. அதுவும் லைட்டுதான்."

டார்ச்சை என் கையில் கொடுத்தாய். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் இருக்கும். நடுவில் கை தளர்ந்து வெளிச்சம் ஆடியது. "நைனா, நேரா புடி. இதுகூட வராதா உனுக்கு? சீட்டு எழுதி ஒட்டத்தான் அவ்ளோ வருசம் உனுக்கு சோறு போட்டாங்களா?" என்றாய். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நீ அவரைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

மறுநாள் காலை நீ குளிக்கப் போன நேரத்தில் கீழே இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தேன். ஒரே இரவு ஓட்டத்தில் டை இளகி வளைந்திருந்தது. ரெசிஸ்டர் பட்ட இடத்தில் வயரின் மேல்தோல் பளபளவென்று ஆகியிருந்தது. அடுத்தது உருகும், உருகினால் செம்பு இரும்பைத் தொடும், இரண்டு விளக்கும் ஒன்றாக அணையும். அதற்கு ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரம் ஆகலாம் என்று கணக்குப் போட்டேன். பானெட்டை மூடிவிட்டு மேலே வந்து காபி குடித்தேன்.

பத்து நாள் தாங்கியது. ஸ்டெல்லாவுக்கு ராயபுரம் ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி, விடியும் முன் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாய். கடலோர ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு டிரெய்லரின் பின்புறத்தில் மோதினாய். நீ போன் செய்து நான் ஆட்டோவில் வந்தபோது ஸ்டெல்லாவை ஆம்புலன்சில் ஏற்றியிருந்தார்கள். நீ அந்த டிரெய்லர் ஓட்டுநரை அடித்துக்கொண்டிருந்தாய். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவன் வடக்கிலிருந்து வந்தவன், வண்டியின் ஓரம் ஸ்டவ் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். உதடு கிழிந்து தரையில் உட்கார்ந்திருந்தான். "லைட் இல்லே சார். உங்க காடி லைட் இல்லே, நான் பாத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "இன்னா சொன்ன? மறுபடி சொல்லு" என்று அவன் தலைமுடியைப் பிடித்தாய். அவன் மறுபடி சொன்னான். மறுபடி அடித்தாய். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாய். உன் கண்ணில் பயம் இருந்தது. அவன் சொன்னது உண்மை என்று உனக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்டெல்லாவின் பையை எடுக்க வேண்டும் என்று சொல்லி, போலீஸ் ஸ்டேஷன் பின்னால் நிறுத்தியிருந்த உன் வண்டியை அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். வலது பக்கம் அதிகம் நசுங்கவில்லை. வயர்க்கட்டு உருகி ஒரு கறுப்புக் கட்டியாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். வழக்கு அந்த ஓட்டுநர் மேல் விழுந்தது. விளக்குப் போடாமல் நிறுத்தினான் என்று எழுதினார்கள். அதுவும் உண்மைதான், அவனும் பின்விளக்குப் போடவில்லை. ஆனால் உன் விளக்கு எரிந்திருந்தால் அவ்வளவு பெரிய டிரெய்லர் உன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

நான்காவது குறிப்பைச் சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அது நல்லதில்லை. ஸ்டெல்லாவின் வலது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. முன்பெல்லாம் பிறந்த குழந்தையின் கையில் ஊசி போட நரம்பு கிடைக்காதபோது மற்ற வார்டிலிருந்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அவள் வெளிநோயாளிகளுக்கு டோக்கன் எழுதுகிறாள், அதையும் இடது கையால் பழகிக்கொண்டு. ஈஸ்டர் அன்று உன் தோஸ்துகளை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாய். அவர்களில் ஒருவன் தனக்குச் சர்க்கரை என்று சொன்னான். "எங்க வூட்டுலயே நர்ஸ் கீது. ஆனா இப்ப இவ ஊசி போட்டா உனுக்குப் போடற ஊசி எனுக்கு ஏறும் மாமு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்தாள். இடது கையில் மூன்று தட்டு. நானும் சிரித்தேன். நீ கெட்டிக்காரன், தைரியசாலி என்று உன்னைச் சுற்றி இருப்பவர்கள் சொல்கிறார்கள். தன்னைத் திருப்பி அடிக்க முடியாதவர்களிடம் மட்டும் தைரியமாக இருப்பவன் நீ. இதை நீ எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று யோசித்தேன். உன் அம்மா இருந்தவரையில் தொழிற்சாலையில் வாய் திறக்காத நான் வீட்டுக்கு வந்து அவளிடம் சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய்.

ஐந்தாவது. நான் எதுவும் செய்யவில்லை. டை கட்டியது பாபு. பெரிய ஃபியூஸ் போட்டது பாபு. சூடாகும் என்று நான் சொன்னதற்குச் சிரித்துவிட்டு ஓட்டியது நீ. என்மேல் ஒன்றைத்தான் சொல்லலாம், தெரிந்தும் சொல்லவில்லை என்பது. ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பயத்தால் மட்டும் இல்லை. அந்தக் காலை பானெட்டை மூடும்போது உன் விளக்கு அணைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, தேரடிப் பக்கம், நெரிசலில், உன் தோஸ்துகள் பைக்கில் பின்னால் வரும்போது அணைய வேண்டும். நீ இறங்கிப் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், பின்னால் இருக்கிற பஸ்காரன் உன்னைத் திட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். அந்தப் பத்து நாளும் நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன், இன்றைக்கு நின்றிருக்குமோ என்று. ஸ்டெல்லா அந்த வண்டியில் போகிறாள் என்பதை நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஆசைப்படுவது குற்றம் ஆகாது, கை வைத்தால்தான் குற்றம் என்று இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு ஸ்டெல்லா டீ கொண்டுவந்தாள். கடிதத்தின் மேல் பேப்பரை இழுத்து மூடினேன். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, சனிக்கிழம பாபு வரச்சொல்ல நீங்களும் கீழ வந்து ஒருதரம் பாத்துடுங்க" என்றாள்.

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாததா? அவரு அப்படித்தான் கிண்டல் பண்ணுவாரு, நீங்க அத கண்டுக்காதீங்க. போன தடவகூட நீங்க பாத்தீங்களே."

"எப்போ?" என்றேன்.

"பல்பு மாத்தின மறுநாள் காலையில. நான் மாடியில துணி காயப்போட்டுகினு இருந்தேன். நீங்க பானெட்ட தொறந்து குனிஞ்சு நல்லா பாத்துட்டு மூடினீங்க. எனக்கு அந்த வண்டியில ஏறவே பயம் மாமா. மொத நாள் ராத்திரியே ஒரு மாதிரி பிளாஸ்டிக் எரியற வாசன. ஆஸ்பத்திரிக்கு பஸ்லயே போயிடறேன்னு சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நீங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வந்து காபி குடிச்சீங்க இல்ல? ஏதாவது இருந்தா மாமா சொல்லியிருப்பாரேன்னு தைரியமா ஏறினேன். அவ்ளோ தைரியம், ஏறினதும் தூங்கிடுவேன்." கொஞ்சம் சிரித்தாள். "அன்னிக்கும் தூக்கந்தான். அந்த டிரெய்லர்காரன் பண்ண வேலைக்கு லைட்டு இன்னா பண்ணும். இந்த வண்டியும் நீங்க பாத்துட்டா எனக்குப் போதும்."

"சரிம்மா" என்றேன். அவள் போய்விட்டாள். டீ அப்படியே இருக்கிறது.

அதனால் போட்ட கையெழுத்தை அடித்துவிட்டு மேலும் எழுதுகிறேன். சனிக்கிழமை நான் கீழே வருவேன். பாபு ரெசிஸ்டரைக் கையில் எடுத்தால் வேண்டாம் என்று சொல்வேன். குரல் நடுங்கும், நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள், நான் அங்கேயே நிற்பேன். அதற்கு முன்னால், நாளைக் காலை நீ கிளம்பிய பிறகு, இந்தக் கடிதத்தை ஸ்டெல்லாவிடம் கொடுக்கப் போகிறேன். உனக்கு அது அவள் கையிலிருந்து வரும், அவள் தர விரும்பினால். அந்த ஓட்டுநர் சொன்னது உண்மை என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவள் சொன்னால் போவேன். என்னைப் பார்த்து அவள் என்ன சொல்வாள் என்று யோசிக்க முயன்றேன், முடியவில்லை.

முதல் நான்கு குறிப்புகளையும் திரும்பப் படித்துப் பார்த்தேன், அவற்றில் மாற்ற ஒன்றும் இல்லை. ஐந்தாவது தவறு. எதுவும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் போயிருக்க வேண்டியவளை அந்த வண்டியில் ஏற்றிவிட்டேன்.